நூற்றிப்பத்து டிகிரி

கோவைக் கடைக்காரர் இரண்டையும் கொடுத்தனுப்பினார்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்று திரும்பி வந்துவிட வேண்டும்.
குன்னூர் என்றதும் கொஞ்சம் யோசித்து
"மேடுதானே" என்றார்,
உலகத்தில் மொத்தம் ஒரே ஒரு மேடு
இருப்பதைப் போல.

திங்களன்று நிற்கிற வண்டி.
ஸ்கூட்டர் என்றுதான் பெயர், சீட் கிடையாது.
ஒரு பலகை, ஒரு கைப்பிடி,
நடுவில் நான்
இஸ்திரி மேசைமேல் ஏற்றிவிட்ட ஆள் மாதிரி.
பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை
மூச்சு வாங்காமல் ஏறியது.
பள்ளிப் பிள்ளைகள் கையசைத்தார்கள்.
அப்புறம் மழை அரித்த ஒரு குழி,
என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது.
அந்தச் சின்னச் சக்கரத்துக்கு
அது கிணறு.

செவ்வாயன்று மடங்குகிற சைக்கிள்.
பத்தொன்பது கிலோ. நோயாளிகளைத் தூக்கிப் பழகிய இடுப்பே
ஒருமுறை யோசித்தது.
கோத்தகிரி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்,
"இது வண்டியா, லக்கேஜா?"
விரித்தால் வண்டி, மடக்கினால் லக்கேஜ் என்றேன்.
"மடக்கித்தானே இருக்கு" என்று
சீட்டைக் கிழித்தார்.
இறங்கும்போது பார்த்தேன்,
என் வெள்ளைக் கோட்டில் செயின்
கறுப்பாக ஒரு முதுகெலும்பு வரைந்திருந்தது.
எண்ணிக்கை சரியில்லை, ஆனால்
மோசமும் இல்லை.

ஓட்டுப்பட்டறை வளைவில், புதன் காலை,
பனிக்குள்ளிருந்து ஒரு பாதிப் பனி
கொம்போடு திரும்பியது.
காட்டெருமை.
சத்தமே வராது என்று
ஸ்கூட்டர் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.
எருமையைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.
இரண்டு கை தூரம்.
அது மூச்சு விட்டது, நான் விடவில்லை.

அதே ஸ்கூட்டர் அன்றே
உபதலை ஏற்றத்தில் படுத்துவிட்டது.
குளிரில் நாலு கோடு காட்டிய பேட்டரி
பேச்சு மாறி ஒரு கோடு என்றது, பிறகு அதுவும் இல்லை.
சைக்கிள் படுத்தால் என் தொடைகள் இருக்கின்றன.
இது படுத்தால்
முரண்டு பிடிக்கும் ஆட்டை இழுத்துப் போவதுதான்.

இதையெல்லாம் ஜன்னலிலிருந்து
பார்த்துக்கொண்டிருந்தவர் ஜோகி.
கேரட் லாரி ஓட்டியவர், இடது முட்டிச்சில்லு உடைந்து
இது ஆறாவது வாரம்.
வேறு வேலை இல்லாததால்
கூட்டுறவு வங்கிக் காலண்டரில்
நான் வரும் வண்டியைக் குறித்துவைக்கிறார்:
ஸ்கூட்டருக்கு நேர்க்கோடு,
சைக்கிளுக்கு மடங்கிய கோடு.
புதன் கட்டத்தில் நேர்க்கோட்டைப் படுக்கவைத்திருந்தார்.

முட்டியில் கோணமானியை வைத்தேன்.
ஐம்பத்தெட்டு.

"சைக்கிள் மிதிக்க எவ்வளவு வேணும்?"
நூற்றிப்பத்து.
"ஸ்கூட்டர்ல நிக்க?"
நிற்க மடங்க வேண்டாமே.
"அப்போ எனக்கு அதுதான் வண்டி.
உங்களுக்குத்தான் இந்த மடங்குற ஆசையெல்லாம்."

சிரித்தோம். குதிகாலை மெத்தையில் தேய்த்து இழுக்கச் சொன்னேன்,
பத்து தடவை. ஏழாவதில் நெற்றி வியர்த்தது.
எட்டாவதில், என்னைப் பார்க்காமல்,
"கிளட்சுக்கு?" என்றார்.

வாரம் முழுக்க அவர் கேட்க நினைத்தது
அதுதான் போலிருக்கிறது.
வாசலில் தார்ப்பாய் போர்த்திய லாரி,
அதன் கீழே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.
சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று நான் திருப்பிக் கேட்டேன்.
இரண்டு விரலைக் காட்டினார்.
பதில் சொல்லவில்லை நான்.
"இன்னும் ரெண்டு தடவை" என்றேன்.

ஞாயிறு, பார்சல் வேனில் ஸ்கூட்டர்
பர்லியார் வளைவுகளில் இறங்கிப் போனது.
இறக்கத்துக்கு அதுவே போதும்,
போகிற ஊருக்கு அதுதான் பொருத்தம்.
குழியில்லாத தெருக்கள் எங்கோ இருக்கத்தானே செய்யும்.

இரவு, சமையலறையில் சைக்கிளை மடக்கினேன்.
குளிரில் கீல் இறுகி
கடைசி ஒரு விரல்கடை மூட மறுத்தது.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
உள்ளங்கையால் அழுத்தினேன்.
"வலிக்கிற வரைக்கும் போகலாம், அதைத் தாண்ட வேண்டாம்"
என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்,
யாரும் இல்லாத வீட்டில்.

திங்கள், மடங்கிய கோடு.
அறுபத்தொன்று.